மோரியர் கல்

கல்லில் மோர் வாடை அடித்தது.

அவள் மூக்கைத் திரும்பவும் கிட்டே கொண்டுபோனாள். சந்தேகமே இல்லை. புளித்த மோர்.

பக்கத்தில் நின்ற இன்னொரு குத்துக்கல்லை முகர்ந்தாள். வெறும் வெயில் வாடை.

குன்றின்மேல் இந்த இரண்டு கற்கள்தான். பழங்காலக் கற்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அவள் எழுதும் புத்தகத்தில் இவற்றுக்கு ஒரு பக்கம். 'இந்தக் கற்களை நட்டது யார்?' என்று தலைப்புகூட வைத்தாயிற்று.

வழிகாட்ட வந்த ஊர்க்காரி மாதம்மா காலையிலிருந்து நிழல்போலக் கூடவே இருக்கிறாள். கண் மட்டும் கேமராவை விட்டு நகரவில்லை.

"இந்தக் கல்லுல மட்டும் ஏன் மோர் வாடை?"

மாதம்மா கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மோரியர் கல்லுங்களே. மோர் ஊத்தறது வழக்கமுங்க."

மோரியர் என்றால், இந்தக் கற்களை நட்டதாக இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் குள்ள மனிதர்கள். அவர்களுக்கும் மோருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னை என்ன, ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தாளா? என் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியைப் பழசாகக் காட்ட நானே மோர் பூசியிருக்கிறேன். பாசி சீக்கிரம் பிடிக்கும்.

குனிந்து அடிமண்ணை விலக்கினாள்.

வரிசையாகத் துளைத் தடங்கள். குவாரியில் மெஷின் போட்டுப் பிளந்த கல்.

பிள்ளைகளிடம் அவள் பொய் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாதம்மா எதிர்ப்பக்கம் கை காட்டினாள்.

அங்கே ஒரு குன்று இருந்ததாம். இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய குவாரிப் பள்ளம். அதன் கரையில் கூரை இல்லாத சுவர்கள்.

"அங்கயும் கல்லு இருந்துச்சுங்க. ஒத்தக் கல்லுக்காக மலைய உட்டுட முடியாதுன்னு ஆபீசருங்க சொல்லிட்டாங்க. நாளன்னிக்கு இங்க பாக்க வராங்க."

குன்றின் அடியில் ஓட்டு வீடுகள். யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் வெகுநேரம் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தன் கேமராவைப் பைக்குள் வைத்தாள். விலக்கிய மண்ணைக் காலால் தள்ளி, அழுத்தி மிதித்தாள்.

"வழக்கம்னா ரெண்டு கல்லுக்கும்ல ஊத்தணும். வர்றவங்களுக்கும் மூக்கு இருக்கும்" என்றாள்.

மாதம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுல மோர் இருக்கா?"