அவள் நின்ற பக்கம்

உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. லுங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான்.

தள்ளட்டுமா மாமா என்று பின்னாலிருந்து மைத்துனன் தனபால் கேட்டான். கொஞ்சம் பொறு என்றான். ஏற்கெனவே நிறையப் பொறுத்தாகிவிட்டது.

பயமாக இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள்.

அவனே வெட்டி ஒட்டிய வண்டி. ஒரு பழைய காரின் கூரையைத் தணித்து, மூக்கை நீட்டி, பார்க்கிறவர்கள் இது என்ன கண்றாவி என்று கேட்கும்படி செய்திருந்தான். எஞ்சின் இன்னும் ஏறவில்லை. பிரேக்குக்கு ஆயில் ஊற்றவில்லை. ஸ்டியரிங் மாட்டியாகிவிட்டது, நல்ல நேரம் முடிவதற்குள் வாசலுக்கு இறக்கிப் பூஜை போட்டே ஆகவேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம்.

ஷெட்டிலிருந்து வாசலுக்குச் சின்னச் சரிவு. கீழே சமதளம். வண்டி தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் டயருக்கு முன்னால் போட, மனைவி கோகிலா கையில் கட்டை வைத்திருந்தாள்.

அவள் சரிவின் கீழே, வண்டிக்கு இடப்பக்கம் நின்றாள். முதுகுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர்.

அவன் பயமெல்லாம் வெல்டிங் மேல்தான். ஸ்டியரிங் கம்பி எட்டவில்லை என்று ஒரு துண்டு வைத்து ஒட்டியிருந்தான். அது விட்டுவிட்டால்? சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கிறான். கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிற ஆள்தானே என்று கோகிலா கேலி செய்வாள்.

மற்றபடி ஸ்டியரிங் அருமையான சாமான். அந்தக் காலத்து அமெரிக்க வண்டியுடையது, தந்த நிறத்தில் பெரிய வளையம். அங்கே இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள். இங்கே வலப்பக்கம் மாட்ட, வளையம் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக அடியில் இருந்த பல்சக்கரப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருந்தது. கவிழ்த்ததும் அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தியது.

மாட்டிய அன்றைக்கு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து சுற்றினான். சக்கரம் திரும்புதா என்று கேட்டான். கோகிலா குனிந்து பார்த்தாள்.

"ம், நல்லாத் திரும்புதுங்க."

போதும் என்று இறங்கி, வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

தனபால் தள்ளினான்.

டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி சரிவில் இறங்கியது.

வெல்டிங் விடவில்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

கோகிலா நின்ற பக்கம் இடம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. எதற்கும் விலகிப் போகட்டும் என்று வலப்பக்கம் லேசாகத் திருப்பினான்.

வண்டியின் மூக்கு இடப்பக்கம் போனது.

இன்னும் திருப்பினான்.

இன்னும் நெருங்கியது.

பிரேக்கை மிதித்தான். பெடல் சத்தமில்லாமல் தரைவரை போனது.

கோகிலா நகரவில்லை. அவள் டயரைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. இதோ விலகிவிடும் என்று சுவரில் சாய்ந்து, கட்டையை இடுப்பில் அணைத்தபடி, அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கட்டையைப் போடு என்று கத்த வாய் திறந்தான்.

அப்போதுதான் கவிழ்த்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பெட்டியோடு இடமும் வலமும் கவிழ்ந்திருந்தன.

திரும்புதா என்று கேட்டானே தவிர, எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

ஒரே வழிதான் இருந்தது. ஸ்டியரிங்கை அவள் பக்கம் திருப்ப வேண்டும்.

கைக்கு அது புரியவில்லை. ஆள் நிற்கும் பக்கம் திருப்பாதே என்று பழகிய கை. அது இன்னும் வலப்பக்கமே இழுத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி, வளையத்தை இடப்பக்கம் இழுத்தான். அவள் நின்ற பக்கம். எவ்வளவு போகுமோ அவ்வளவும்.

கோகிலாவின் சிரிப்பு நின்றது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவனைப் பார்த்து அவள் பயந்தது அப்போதுதான்.