கலினா கொடுத்த நெட்

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்துப் பழைய புகையிலைக் கிடங்கில், ஒரு வலைத்தள மென்பொருளைச் சேர்ந்து எழுதுகிறவர்களின் வருடாந்திரக் கூட்டம் முடியப்போகிறது. உயரத்து ஜன்னல்களிலிருந்து சாய்வெயில் மேடைவரை நீண்டு கிடக்கிறது. முதன்முதலாகத் திருத்தம் எழுதியவரை மேடையேற்றி, எல்லோர் கண்முன்னும் அதை மென்பொருளில் சேர்ப்பது இவர்கள் வழக்கம். இந்த வருடம் யாவோர். உள்நுழையும் பக்கத்தில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான். அதே பக்கத்தை முழுக்கச் சீர்செய்து, கீழே நாற்காலி வரிசையில் இருக்கும் கலினா கொடுத்த திருத்தம் மூன்று வருடமாக 'பார்க்கிறோம்' என்ற பதிலோடு கிடக்கிறது. கையிலிருக்கும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா அப்பத்தைக் கடிக்கிறாள், மண்ணாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அரங்கத்து நெட் செத்துப்போகிறது. "யார் போன்லயாச்சும் நெட் வருதா? பையன் மூஞ்சி வாடுது பாருங்க!" என்று கூட்டத்தை நடத்தும் போயான் மேடையிலிருந்து கத்துகிறார். "நம்ம கலினா அக்கா போன்ல வருது!" என்று பக்கத்து நாற்காலிக்காரி காட்டிக்கொடுக்கிறாள். "பொத்தானுக்குப் பெயின்ட் அடிச்சதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று முணுமுணுத்துவிட்டு, கலினா தன் போன் நெட்டுக்கான கடவுச்சொல்லைச் சொல்கிறாள். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி, தாயே!" என்கிறார் போயான். கை உயர்கிறது. இணைப்பைத் துண்டிக்கும் இடத்தின்மேல் கட்டைவிரல் தயங்கித் தயங்கி நிற்கிறது, அழுத்தவில்லை. திருத்தம் சேர்ந்துவிட்டதாகப் பெரிய திரையில் பச்சைக் குறி விழுகிறது. அரங்கமே எழுந்து கைதட்டுகிறது, யாவோர் கண்ணைத் துடைக்கிறான். தூக்கிய கையிலேயே போன் அதிர்கிறது. இறக்கிப் பார்க்கிறாள். தானாக வரும் செய்தி: 'சற்றுமுன் சேர்ந்த மாற்றத்தோடு உள்நுழையும் பக்கத்துக்கான உங்கள் திருத்தம் ஒத்துப்போகவில்லை. புதிதாகச் செய்து அனுப்பவும்.' மேடையிலிருந்து யாவோர் அவளைப் பார்த்துக் கும்மாளமாகக் கத்துகிறான்: "அக்கா, நீங்க இல்லைன்னா இது நடந்தே இருக்காது!"