பல்பு தெரியக் கூடாது

கிரகணத்தில் சூரியன் மறைய இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. மெர்வ் அலட்டத் தொடங்கியோ அது மூன்றாவது மாதம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் அந்தக் கடலோர ஊரில் மெர்வும் அவன் மனைவி நோலீனும், வீட்டு வண்டிகளில் வருகிறவர்கள் தங்கும் கேரவன் பார்க் ஒன்றை நடத்துகிறார்கள். சரியாகச் சொன்னால், நோலீன் நடத்துகிறாள், மெர்வ் பேசுகிறான். இடம் அவளுடைய அப்பா விட்டுப்போனது, பத்திரம் அவள் பெயரில்தான் இருக்கிறது. முழுச் சூரிய கிரகணம் பார்க்க பெர்த்திலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் கூட்டம் வந்து குவிந்திருந்தது. கேட்க ஆள் கிடைத்துவிட்டால் மெர்வுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

முந்தின நாள் மாலை பார்பெக்யூ அடுப்பைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பே எடுத்தான்.

"ஃபில்டரை லென்சுக்கு முன்னால மாட்டணும், பின்னால இல்ல. போன்ல படம் எடுக்குறவங்களுக்கும் அதேதான். ஃபோகஸை முன்கூட்டியே பிடிச்சு டேப் ஒட்டிடுங்க. சூரியன் முழுசா மறைஞ்சப்புறம்தான் ஃபில்டரைக் கழட்டணும். அவசரப்பட்டா கேமராவும் போச்சு, கண்ணும் போச்சு."

பிறகு கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடிகளை எடுத்தான். ஒவ்வொன்றிலும் அவனே பெயர் எழுதி ஒட்டியிருந்தான். ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் தொடக் கூடாதாம். அதற்கு ஒரு காரணமும் சொன்னான், யாருக்கும் புரியவில்லை.

"இதை மாட்டிக்கிட்டு வீட்டு பல்பைப் பாருங்க. பல்பு தெரிஞ்சா அது போலி, தூக்கிக் குப்பையில போடுங்க. பல்பு தெரியக் கூடாது! நோல், உனக்கும்தான் சொல்றேன். ஆனா உங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் பேசுறது என்னிக்கு உன் காதுல ஏறியிருக்கு?"

கூட்டம் சிரித்தது. மெர்வுக்கு அது போதவில்லை.

"ஹோட்டல் கம்பெனிக்காரன் இந்த இடத்தை நல்ல விலைக்குக் கேக்குறான். பேப்பரை நீட்டினா, இவ மூக்குக்கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒரு புள்ளி விடாம படிப்பா. அப்புறம் கையெழுத்து போட மாட்டேன்னு எழுந்து போயிடுவா. இப்படியும் ஒரு பொண்டாட்டி!"

மறுபடி சிரிப்பு. நோலீன் உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஊர் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மெர்வ் வெளியே டெலஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நோலீன் சமையலறைக் கதவைச் சாத்தினாள். ஃப்ரிட்ஜின் மேல் இரண்டு அட்டைக் கண்ணாடிகள் இருந்தன, அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. ஒன்றை மாட்டிக்கொண்டு விளக்கைப் பார்த்தாள். ஒரே இருட்டு. இன்னொன்றை மாட்டினாள். பல்பு தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக, ஆனால் நன்றாகவே தெரிந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நகத்தால் எதையோ சுரண்டினாள். பசை தடவி அழுத்திப் பிடித்தாள். அவள் எழுந்தபோது, பல்பு தெரிந்த கண்ணாடியில் 'மெர்வ்' என்ற பெயர் இருந்தது.

வாசலில் பெவ் காத்திருந்தாள். வருடா வருடம் பெர்த்திலிருந்து வந்து தங்குகிறவள்.

"நேத்து அந்த ஆள் பேசின பேச்சு இருக்கே... எப்படித்தான் இவனோட குப்பை கொட்டுறியோ நோலீன்!"

"கொட்டி முடிச்சாச்சு பெவ். இன்னிக்கோட சரி."

பெவ் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். நோலீன் இரண்டு கண்ணாடிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

செம்மண் திடல் முழுக்க ட்ரைபாடுகளும் மடக்கு நாற்காலிகளுமாக இருந்தன. ஈக்களை விரட்டிக்கொண்டே எல்லோரும் காத்திருந்தார்கள். சூரியனின் ஓரம் லேசாகக் கடிபட்டதும் மெர்வ் கையைத் தட்டினான்.

"ஆரம்பிச்சிடுச்சு! கண்ணாடியை மாட்டுங்க! நோல், நீயும் மாட்டு. நல்லா நிமிந்து, கண்ணை எடுக்காம பாரு. வாழ்க்கையில ஒரு தடவைதான் கிடைக்கும்."

"வாத்தியார் நீ பாக்காம நான் பாக்கலாமா?" நோலீன் ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "இந்தா, உன் பேருதான் போட்டிருக்கு."

"போடு மெர்வ், போடு!" என்று கூட்டம் கைதட்டியது. கைதட்டல் என்றால் மெர்வுக்குத் தலைகால் புரியாது. சிரித்தபடி வாங்கிக்கொண்டான். நோலீன் நகரவில்லை. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், எதையோ பறிக்கப் போகிறவள் போல, கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

மெர்வ் கண்ணாடியை மூக்கு வரை கொண்டுபோனான். அட்டையின் ஓரத்தில் அவனே கத்தியால் போட்ட சின்ன வெட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. முகம் வெளுத்துப்போனது.

"என்ன வாத்தியாரே, பயமா?" என்றான் மெல்போர்னிலிருந்து வந்த கிரெக்.

"இல்ல... கண்ணு கூசுது. நான் அப்புறம் பாத்துக்குறேன்."

"போடவே இல்ல, அதுக்குள்ள எப்படிக் கூசும்? சந்தேகமா இருந்தா உள்ள போய் பல்பைப் பாத்துட்டு வாயேன்!" என்றாள் பெவ்.

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வ் சிரிக்கவில்லை. மூன்று மாதம் ஊருக்கே பாடம் நடத்திய மகானுபாவர் கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, செம்மண்ணைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

நோலீன் தயாராக வைத்திருந்த கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"ஏன் மெர்வ், பல்பு தெரியுற இதே கண்ணாடியில என் பேரை ஒட்டும்போது கூசலையா?"