கத்தரித்த பன்னிரண்டு விநாடி

"தம்பி, முன்னால நிக்கறவனை மட்டும் பார்த்தா..." தன் நாற்காலியை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பணி ஓய்வில் போன பெரியவர் இப்படித்தான் ஏதோ ஆரம்பித்தார். மிச்சம் போக்குவரத்து அதிகாரிக்கு ஞாபகமில்லை. பிரிவுபசார விழாக் கைதட்டலுக்கு நடுவில் யார் காதில் வாங்கினார்கள்?

இப்போது முன்னால் நின்றது ரொட்டி வேன் டிரைவர்.

"இது மூணாவது தடவை சார். லைசென்ஸைப் பிடுங்கிட்டா முதலாளி நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவாரு."

"சிவப்பு எரியும்போது கோட்டைத் தாண்டினியா, இல்லையா?"

"தாண்டினேன் சார். பின்னாடி ஒரு கார் ஹாரன் அடிச்சே உயிரை எடுத்துச்சு. இடது பக்கம் திரும்பணுமாம், அதுக்குத்தான் சிக்னல் கிடையாதே. ஒதுங்க இடமில்ல. நாலடி முன்னால போய் வழி விட்டேன்."

"ஹாரன் அடிச்சா போயிடுவியா? கிணத்துல குதின்னா குதிப்பியா?"

தன் பேச்சு அவருக்கே பிடித்திருந்தது. திரையைக் காட்டினார்.

"பாரு. மனுஷன் பொய் சொல்லுவான். கேமரா சொல்லாது."

கோட்டைத் தாண்டும் வண்டியை மட்டும் கத்தரித்து அனுப்பும் கேமரா அது. பன்னிரண்டு விநாடி. வேன், கோடு, சிவப்பு விளக்கு.

"பின்னாடியும் பாருங்க சார்."

"முழுப் படமும் இருக்கு சார், போடவா?" என்றாள் பக்கத்து மேஜை கம்ப்யூட்டர் பெண்.

"போடும்மா. டிரைவர் ஐயாவோட ஆசையைக் கெடுப்பானேன்!"

வேனை ஒட்டி ஒரு கறுப்பு கார். அதன் முன்விளக்கு வேனின் முதுகில் பளிச் பளிச்சென்று அடித்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு 'போ, போ' என்று விரட்டியது. வேன் நகர்ந்தது. கார், கோட்டின் மேல் சக்கரம் படாமல், உத்தமனாட்டம் இடது பக்கம் வளைந்து போனது. பின்கண்ணாடியில் துறையின் ஸ்டிக்கர்: 'பொறுமையே பாதுகாப்பு.'

படத்தின் மூலையில் தேதியோடு நேரம்: காலை ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச அதிகாரி பறந்துகொண்டிருந்த நாள்.

"சார், இது நம்ம..." என்று இழுத்தாள் கம்ப்யூட்டர் பெண்.

அவர் தொண்டையைக் கனைத்தார். அவள் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"யாரு கார்னு தெரியுதா சார்?" டிரைவர் எட்டிப் பார்த்தார்.

திரை சட்டென்று அதிகாரியின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"படம் தெளிவா இல்லப்பா."

கோப்பை இழுத்து, 'குற்றச்சாட்டு ரத்து' என்று எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'கேமரா கோளாறு. உடனே கழற்றவும்.'