பெட்டிக்கு மறுபூஜை

பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கீங்... கீங்... கீங்.

தேரடித் தெருவில் கல்யாண வீடியோ எடுத்தே பேர் வாங்கிய கோதண்டராமன், தன் ஸ்டுடியோவின் உள்ளறை வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்து நின்றார். வேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த சர்வீஸ் இன்ஜினியர் நந்தினி, புது ஃபேன் யூனிட்டை மார்போடு அணைத்தபடி அவருக்கு எதிரே நின்றாள்.

"நேத்து ஆயுத பூஜையில வெச்சதும்மா. இன்னிக்கு மறுபூஜை போடாம யாரும் கை வெக்கக் கூடாது."

"மெஷினுக்கு ஏது சார் மறுபூஜை? உள்ள வேகுது சார்!"

வேகத்தான் செய்தது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, தலைவழியப் பொரி கடலை என்று கல்யாணக் கோலத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டிக்குள்தான் கோதண்டராமன் எடுத்த அத்தனை வீடியோவும் இருந்தது. அதைக் குளிர வைக்கும் இரண்டு ஃபேன்களில் ஒன்று ராத்திரியே நின்றுவிட்டது. மற்றது தனியாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றால் சூட்டில் டிஸ்க்குகள் போய்விடும். டிஸ்க் போனால், போன முகூர்த்தத்தில் எடுத்த ஓவியாவின் கல்யாணமே போய்விடும்.

வேறு பிரதி கிடையாது. கேமரா கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக மறுநாளே அழித்துவிட்ட புண்ணியவான் சாட்சாத் கோதண்டராமன்தான்.

ஓவியாவின் அம்மா ராணியம்மாள், வீடியோவை வாங்கிப் போக அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோவில் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். இன்று மத்தியானம் சம்பந்தி வீட்டார் மொத்தமும் அதைப் பார்க்க வருகிறார்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போது எழுந்தாள்.

"இது போச்சுன்னா மறுபடியும் தாலி கட்டச் சொல்றதா? மாப்ள ஒத்துக்குவாரு. எம்பொண்ணு ஒத்துக்க மாட்டா. ஒரு தடவ சம்மதிக்க வெக்கறதுக்கே எனக்கு முடி பாதி கொட்டிப்போச்சு!"

கோதண்டராமன் கையை இறக்கினார். மறுபூஜையை அவசர கதியில் முடித்துவிடுவது என்று முடிவாயிற்று.

அவசரம் என்றால் தீப்பெட்டிக்குத் தெரிந்துவிடும். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது நமுத்திருந்தது. மூன்றாவதில் ஒருவழியாகக் கற்பூரம் பற்றிக்கொள்ள, நந்தினி இனியும் தாங்காது என்று பெட்டியின் பின்பக்கத்தில் கையை விட்டு, நின்றுபோன ஃபேன் யூனிட்டை உருவினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம் என்பதுதான் அந்தப் பெட்டியின் பெருமை. ஆனால் உருவிய கையோடு புதியதைச் செருகிவிட வேண்டும்.

கீங் கீங் என்றிருந்தது இப்போது ஒரே கீஈஈஈங் ஆயிற்று.

நந்தினி பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த புது யூனிட்டுக்காகக் கையால் துழாவினாள். காணோம்.

அது ராணியம்மாள் கையில் இருந்தது. ராணியம்மாள் அதற்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குடுங்க!"

"இரும்மா. புதுசா ஒருத்திய வூட்டுக்குள்ள அனுப்பறோம், வெறும் நெத்தியோடயா?"

குங்குமம் வைக்கப்பட்டது. கோதண்டராமன் கற்பூரத்தை மூன்று சுற்று சுற்றினார். நந்தினி கண்களை இறுக மூடிக்கொண்டாள். நல்ல பக்தியுள்ள பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு யூனிட்டைப் பிடுங்கி உள்ளே தள்ளினாள். டக்.

சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு பச்சையானது. கோதண்டராமன் மவுஸைத் தட்ட, திரையில் மணக்கோலத்தில் ஓவியா வந்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, யாரையோ முறைத்தபடி. ராணியம்மாளுக்கு அந்த முறைப்பைப் பார்த்துப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

நந்தினி பழைய யூனிட்டை ஓர் ஓரமாக எடுத்துப்போய், உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள்.

ஒரு பொரி விழுந்தது. இன்னொரு பொரி. கூடவே அரை உடைத்த கடலை.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. படித்த மனிதர், இருபது வருஷமாகத் தொழில் செய்கிறவர், காற்று போகிற வழியிலா பொரியைக் கொட்டுவது? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் திரும்பி, வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் இருந்ததை ஒருமுறை பார்த்தாள். யாரும் கவனிப்பதற்குள் பொரியையும் கடலையையும் வாயில் போட்டுக்கொண்டாள். மொறுமொறுப்பாகவே இருந்தது.

"இன்னாம்மா ஆச்சு அதுக்கு? எங்க மேல எதுனா தப்பா?" என்றார் கோதண்டராமன்.

"சேச்சே. தூசு சார். வெறும் தூசு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவுக்கு வந்தாள். வேலூர் ஆபீஸுக்கு, மேனேஜர் ராமதாஸுக்குப் போன் போட்டாள். மூன்று மாவட்டத்து வாடிக்கையாளர்களின் கோப்புகளையும் வைத்திருக்கும் பெரிய பெட்டி அங்கேதான் இருந்தது.

"சார், சர்வர் ரூம்ல எதுனா சத்தம் கேக்குதா?"

"தெரியலம்மா, அது மூடித்தான் கெடக்கு. நீ வந்து மறுபூஜை போடற வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாது, பெட்டி மேல கெடக்கற பொரியில ஒண்ணக்கூடத் தொடக் கூடாதுன்னு நீதானே எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கின?"

"கொஞ்சம் தொறந்து பாருங்க சார்."

தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது.

கீங் கீங் கீங் கீங்.