ஒப்படைக்க வேண்டிய வண்டி

"உள்ளே யாரு?"

"யாரும் இல்ல சார். புது வண்டி. கொண்டுபோய் ஒப்படைக்கணும்."

எல்லைச் சாவடி அதிகாரி ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து பார்த்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத படுக்கை, காலி அலமாரி, புது பெயின்ட் வாசனை. நோயாளி இல்லாத ஆம்புலன்ஸை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பினார்.

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து நாட்டுக்குள் தனியாக ஓட்டிப் போவது இதுதான் முதல் தடவை. அந்த நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஊருக்குப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு கீறல் விழக்கூடாது, யாரையும் ஏற்றக்கூடாது, உறையைப் பிரிக்கவே கூடாது என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாங்குகிறவர் ரொம்ப நச்சுப்பிடித்த ஆளாம். வண்டி கிளம்பியதா, எங்கே வருகிறது என்று காலையிலிருந்து போன் மேல் போனாம். சின்னக் குறை தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

பல மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு கிடைத்த வேலை இது. இதையாவது விட்டுவிடாதீர்கள் என்று மனைவி வாசல் வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைக்கூட வண்டிக்கு வெளியே நின்றபடிதான் சாப்பிட்டார். உள்ளே ஒரு பருக்கை சிந்தக் கூடாதே.

வழியெல்லாம் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. காலி வண்டிக்கு இத்தனை மரியாதையா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. டீசல் போட்ட இடத்தில் ஒரு அம்மாள் அருகில் வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள். வண்டிக்குத்தான் பசி என்றார் டிரைவர். அவள் முறைத்துவிட்டுப் போனாள்.

மதியத்துக்குமேல், ஒரு பாலத்தைத் தாண்டிய வளைவில், சாலையோரம் கூட்டமாக இருந்தது. முன்னால் போன கார்கள் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, நகர்ந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸைக் கண்டதும் கூட்டம் ஓடிவந்தது. அவர் இறங்குவதற்குள் யாரோ பின்கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஸ்கூட்டர் ஒன்று நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஓர் இளம்பெண். அவளுடைய அண்ணன் தன் சட்டையைக் கழற்றி அவள் தொடையில் அழுத்திப் பிடித்திருந்தான். சட்டை முழுக்க ரத்தம்.

"இருங்க, இருங்க. இது காலி வண்டிங்க. மருந்து இல்ல, ஆக்சிஜன் இல்ல, நர்ஸ் இல்ல. நான் வெறும் டிரைவர்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "சக்கரம் இருக்குல்ல அண்ணே?"

டிரைவரும் ஒரு கை கொடுத்தார். தூக்கிப் படுக்கவைத்தார்கள். பிளாஸ்டிக் உறையில் அவள் உடம்பு நிற்காமல் வழுக்கியது. டிரைவரே உறையை ஒரே இழுப்பில் கிழித்துப் போட்டார். சைரனுக்கான பொத்தான் எது என்று தெரியாமல் முதலில் வைப்பரைப் போட்டுவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி வந்த வழியில்தான் இருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் வெளியே வந்து சொன்ன பிறகுதான் அவர் வண்டிக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரிக் குழாயடியில் வாளி வாங்கி, துணி நனைத்துத் துடைத்தார். தரை சுத்தமானது. மெத்தையில் இறங்கிய கறை மட்டும் போகவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"யாரைக் கேட்டு உறையைப் பிரிச்சே? அவர் வண்டி வேண்டாம்னு சொன்னா, நீ இந்தப் பக்கம் திரும்பி வராதே."

மனைவியிடமும் சொன்னார். அவள் திட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் மனசு இவ்வளவு கனத்திருக்காது.

பொழுது சாய்ந்து, தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்த பிறகுதான் அந்த ஊருக்குள் நுழைந்தார். பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கும், கோட்டுப் போட்டவர்கள் நிற்பார்கள் என்று நினைத்திருந்தார். விலாசத்தில் இருந்தது ஒரு ஆணி, பெயின்ட் கடை. பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் கடைக்காரரும் அவர் மனைவியும் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

டிரைவர் சாவியைக் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடைக்காரர் பின்னால் போய்க் கதவைத் திறந்தார். கிழிந்த உறையைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். கையைப் பிடித்து மனைவியை உள்ளே ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவோ தேய்ச்சுப் பாத்தேன் ஐயா, போகல. இன்னொரு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சா..." என்று துணியை எடுத்தார் டிரைவர்.

"வேண்டாம்ப்பா, தொடைக்காதே," என்றாள் அந்த அம்மாள், கறையின் மேல் கையை வைத்தபடி.

டிரைவர் புரியாமல் கடைக்காரரைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, நீ வந்த இதே ரோட்டுலதான் எங்க பையன் அடிபட்டுக் கிடந்தான்," என்றார் அவர். "ஒரு வண்டிகூட நிக்கல. அதனாலதான் தம்பி, நாங்களே ஒண்ணு வாங்கினோம்."