சக்கரம் நின்ற இரவு

சளப், சளப், சளப்.

யுத்தம் முடிந்த வருடங்களில் முந்தல் கால்வாய்க்கரையில் விடிய விடியக் கேட்ட சத்தம் அது. இறால் குளங்களில் காற்றைக் கலப்பதற்காகச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் நின்றால் இறால் மூச்சுமுட்டிச் சாகும்.

ஜெமீலாவின் வீடு பஸ்தியானுடைய குளத்தை ஒட்டி இருந்தது. அவளுக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம். டீசல் தீர்ந்து சக்கரம் நின்றால், அமைதியில் திடுக்கிட்டு எழுந்துவிடுவாள். வேலியில் நின்று, "பஸ்தியானண்ணே" என்று கூப்பிட்டு அவரையும் எழுப்பிவிடுவாள்.

அந்தப் பஸ்தியானின் குளத்தில் ஒருநாள் காலை இறால் எல்லாம் செத்து மிதந்தன.

நாற்றம் பள்ளிவாசல் வரை போனது. அவரோ தண்ணீரை வெளியே விடவில்லை. கையில் கம்புடன் வரம்பில் நின்று காகம் விரட்டிக்கொண்டிருந்தார். செத்த இறாலுக்கும் காவலா என்று போகிறவர்கள் வருகிறவர்கள் சிரித்தார்கள்.

குளத்துக்காரர்களின் சங்கம் கூடியது. பல்கலைக்கழகத்திலிருந்து மயூரதியும் வந்திருந்தாள். கடல்நீர் தேங்கும் களப்பும் கால்வாயும் இந்த ஊருக்கு என்ன பெறுமதி என்று கணிக்க வந்தவள்.

எல்லாக் குளமும் ஒரே கால்வாயில் தண்ணீர் எடுத்து, ஒரே கால்வாயில் விட்டன. அதனால் அவள் ஒரு யோசனை சொன்னாள். வெளியே விடுகிற அழுக்குத் தண்ணீரின் அளவுக்கு எல்லோரும் சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நோய் வந்து தண்ணீரை அடைத்து வைப்பவருக்கு அதிலிருந்து நட்டஈடு.

"அல்லாஹ் தந்த தண்ணிக்கு வாடகையா மகள்?" என்றார் சங்கத் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார். எல்லோரும் சிரித்தார்கள்.

"தண்ணிக்கு இல்ல ஹாஜியார். நோய்த் தண்ணியத் திறந்து விடுறவருக்கு ஒரு செலவும் இல்ல. கீழ இருக்கிற குளத்துக்காரர்தான் அந்தச் செலவக் கட்டுறார். அடைச்சு வைக்கிறவர் தனிய நட்டப்படுறார். அப்ப யார் அடைப்பார்?"

சிரிப்பு நின்றது. முன்னொரு தடவை யாரோ அப்படித் திறந்துவிட்டதில் கால்வாய் நெடுகக் குளங்கள் செத்தன. ஜெமீலாவின் குத்தகைக் குளமும் அதில் ஒன்று. யார் திறந்தது என்று இன்றுவரை தெரியாது. இந்த முறையும் இறால் போனால் குளம் அவள் கையை விட்டுப் போய்விடும்.

ஹாஜியார் பஸ்தியான் பக்கம் திரும்பினார்.

"உள்ளதச் சொல்லும் பஸ்தியான். நோயா?"

எல்லோருடைய இறாலும் பிடிக்கிற நாள் நெருங்கியிருந்தது. நோய் என்ற சொல் வெளியே போனால், லொறியோடு வருகிறவர்கள் கால்வாய் முழுவதற்கும் பாதி விலைதான் சொல்வார்கள்.

"நோய் இல்ல," என்றார் பஸ்தியான். "குடிவெறியில படுத்திட்டன். சக்கரம் நின்டது தெரியாது."

"நீர் தலவில் அன்னம்மாள் கோயில்ல நேர்ந்து குடிய விட்ட ஆள் எல்லோ?"

பஸ்தியான் நிலத்தைப் பார்த்தார். ஹாஜியார் நம்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் குசுகுசுத்தார்கள்.

அப்போதுதான் ஜெமீலா எழுந்தாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள்.

"என்ன நேர்த்தி? நடுச்சாமத்தில சக்கரம் நின்டு நான் பதறி எழும்பினன். வேலியில நின்டு தொண்ட கிழியக் கூப்பிட்டன். வெறியில கிடக்கிறவருக்குக் கேக்குமா? இந்த நாத்தத்தில எங்கட பிள்ளையள் சோறு தின்ன ஏலாமக் கிடக்குதுகள். இவருக்கு என்னத்துக்குச் சங்கம்?"

பஸ்தியான் தலையை நிமிர்த்தி அவளை ஒருமுறை பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரியே சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம்? சங்கத்திலிருந்து அவரை நீக்கினார்கள். அன்னம்மாளையும் ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்.

லொறிகள் வந்தன. நல்ல விலை. ஜெமீலாவின் குளமும் தப்பியது.

அன்று பின்னேரம் அவள் தேத்தண்ணியோடு வரம்புக்குப் போனாள். பஸ்தியான் இன்னும் காகம் விரட்டிக்கொண்டிருந்தார். குளத்தின் பலகைக் கதவு இடுக்கு விடாமல் களிமண் வைத்து அடைத்திருந்தது. தண்ணீரில் நோயைக் கொல்லப் போட்ட பிளீச்சிங் தூள் கரையெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது.

"காகம் ஒரு செத்த இறாலத் தூக்கிக்கொண்டு வந்து உன்ர குளத்தில போட்டாலே காணும் தங்கச்சி, நோய் வந்திடும்," என்றார். கோப்பையை வாங்கிக்கொண்டார். "அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"நீங்க சொன்ன பொய்ய ஒருத்தரும் நம்பல்லயே அண்ணே."

அவர் லேசாகச் சிரித்தார்.

"இப்ப எல்லாரும் பிடிச்சு முடிஞ்சுது. போய் உள்ளதச் சொல்லட்டா?" என்று கேட்டாள் ஜெமீலா.

"அடுத்த முறையும் இதே லொறிதான் வரும். விடு."

ஜெமீலா வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். இறால் செத்த அந்த இரவு சக்கரம் நிற்கவே இல்லை. விடிகாலைச் சுபஹு பாங்கு சொல்லும்வரை அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறு வருடம் மயூரதியின் யோசனையைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. முதல் ஆளாகப் பணம் கட்டியவள் ஜெமீலா. அதற்கு முன்பே பஸ்தியான் குளத்தை விற்றுவிட்டார். கற்பிட்டியில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் காவலுக்கு இருந்து, அங்கேயே இறந்துபோனார்.